மாப்பிள்ளை கேட்ட மெஷின்

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து ஒரு மாப்பிள்ளை மாமியார் வீட்டு ஊஞ்சலில் வந்து உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஒரு உதவி கேட்கணும்" என்று ஆரம்பித்தால் யாருக்குத்தான் வயிற்றைக் கலக்காது? சென்ற தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொரட்டூரில் என் தங்கை வீட்டில் இதுதான் நடந்தது. அவர் கேட்டது கார் அல்ல, மனை அல்ல, ஒரு மில்லிங் மெஷின்! அதுவும் சாதாரண மெஷின் இல்லையாம். ஐந்து அச்சு உள்ளதாம். சின்னதாக, அடக்கமாக, அவருடைய பட்டறை மூலையில் கச்சிதமாக நிற்குமாம். முன்பணத்துக்குப் பத்து லட்சம் குறைகிறது. என் தங்கையின் இரட்டை வடமும், அவள் பெண்ணுக்குக் கல்யாணத்தில் போட்ட வளையல்களும் பாங்கிக்குப் போய்விட்டு வந்தால் சரியாகிவிடும்.

தங்கை என்னைப் பார்த்தாள். நான் மேஜைமேல் கிடந்த வர்ணப் புத்தகத்தைப் பார்த்தேன். அதில் மெஷின் படம் சினிமா நட்சத்திரம் மாதிரி பளபளவென்று இருந்தது. விலை மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

"நீங்கதான் எல்லாத்தையும் பத்தி எழுதறீங்களே அத்தை, இதையும் பார்த்துச் சொல்லுங்க" என்றார் மாப்பிள்ளை. கிரைண்டர் வாங்குவதைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் எழுதியது வாஸ்தவம். கல் தேய்ந்தால் யார் கொத்துவார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள் என்று எழுதினேன். அந்த ஒரு யோக்கியதையை வைத்துக்கொண்டு இதில் இறங்கினேன்.

இரவு சமையலறையில் தங்கை பெண் என்னிடம் தனியாகச் சொன்னாள்: "அவர்மேலே எனக்கு நம்பிக்கை இல்லாம இல்லை, பெரியம்மா. மெஷின்மேலேதான்!"

அவளைச் சாமானியமாக எண்ணிவிடாதீர்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருக்கும் அந்தப் பட்டறையில் கணக்கு எழுதுவதும், செய்த உருப்படிகளை மைக்ரோமீட்டர் வைத்து அளப்பதும் அவள்தான்.

மேற்குப் பக்கத்தில் குடியிருக்கும் நேயர்களுக்கு இந்தப் பட்டறைகளைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. அம்பத்தூரில் 1951-லேயே சைக்கிள் தொழிற்சாலை ஓட ஆரம்பித்துவிட்டது. ஆவடியில் 1961-ல் கன வாகனத் தொழிற்சாலை வந்தது; 1965-ல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே உருண்டது. நடுவே 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. பெரிய ஆலைகளுக்கு வேண்டிய சிறிய சிறிய பாகங்களைச் செய்து கொடுத்தே பல குடும்பங்கள் இங்கே பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கின்றன. அப்பா கையால் சக்கரம் சுற்றிய மெஷினில் பிள்ளை கம்ப்யூட்டர் வைத்து ஓட்டுகிறான், அவ்வளவுதான் வித்தியாசம்.

அது இருக்கட்டும். அச்சு, அச்சு என்கிறார்களே, அது என்ன?

தங்கை பெண் எனக்குப் புரிய வைத்த விதத்தையே சொல்லிவிடுகிறேன். அன்று சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "இதோ பாருங்க பெரியம்மா. துருவுபலகையிலே பல் ஒரே இடத்திலேதான் இருக்கு. மூடியை நான் முன்னே தள்ளறேன், பக்கத்திலே நகர்த்தறேன், மேலே கீழே கொண்டுபோறேன். இது மூணும் மூணு அச்சு. எங்க பழைய மெஷினுக்கு இவ்வளவுதான் தெரியும். ஆனா மூடியைச் சுத்தாம, சாய்க்காம முழுசையும் துருவ முடியுமா? சுத்தறது நாலாவது, சாய்க்கறது அஞ்சாவது."

மூன்று அச்சு மெஷினில் ஒரு பக்கம் வெட்டி முடிந்ததும் உருப்படியைக் கழற்றி, திருப்பி, மறுபடி இறுக்கவேண்டும். ஐந்து பக்கம் வேலை இருந்தால் நாலைந்து முறை இப்படி. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிசகும். புடவைக் கொசுவத்தை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினால் முதல் மடிப்பு மாதிரி மறுபடி வருகிறதா? ஐந்து அச்சில் ஒரே தடவை பிடித்துவிட்டால் அடிப்பக்கம் தவிர மற்றதெல்லாம் முடிந்துவிடும். இன்னொரு லாபமும் உண்டு. உருப்படியைச் சாய்த்துக் கொடுத்தால் குட்டையான கட்டரே ஆழத்துக்கு எட்டும். கட்டரின் நீளம் இரண்டு மடங்கானால், அதே பளுவுக்கு அது எட்டு மடங்கு வளையும். நீளக் காம்புக் கரண்டியால் கெட்டி அல்வா கிளறிய கைகளுக்கு இது புத்தகம் பார்க்காமலே தெரியும்.

ஆக, மாப்பிள்ளை ஆசைப்பட்டது அசட்டு ஆசை அல்ல. இந்த இடத்தில்தான் எனக்கும் கொஞ்சம் சபலம் தட்டியது. போதாக்குறைக்கு அவர் ஒரு கதை வேறு சொன்னார். அமெரிக்காவில் மொன்டானா மாகாணத்தில் ஒரு கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து, மேஜைமேல் வைக்கக்கூடிய ஐந்து அச்சு மெஷினை உருவாக்கி, 2015-ல் பொதுமக்களிடமிருந்தே இன்டர்நெட் மூலம் முன்பணம் திரட்டி விற்றார்களாம். 'பாக்கெட் என்.சி.' என்று பெயர். 1952-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், துளை போட்ட காகித நாடாவைக் கொண்டு தானாக ஓடும் மில்லிங் மெஷினை ஓட்டிக் காட்டியபோது அதற்கு இருந்தது மூன்றே அச்சு. அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியே பீரோ மாதிரி. இன்றைக்கு மேஜைமேல் ஐந்து!

"அப்படியானா அந்தக் குட்டி மெஷினையே வாங்கிடலாமே?" என்றாள் தங்கை, தன் சங்கிலியைத் தடவிக்கொண்டே.

"அது மெழுகு, பிளாஸ்டிக், அலுமினியம் இதுக்கெல்லாம் நல்லா இருக்கும் அம்மா. நகை அச்சு, பல் வைத்தியர் சாமான், பள்ளிக்கூடத்திலே சொல்லித்தர்றது, இப்படி. நமக்கு எஃகு வேலைதானே ஜாஸ்தி" என்றாள் பெண். எஃகை வெட்ட மெஷினுக்குக் கனம் வேண்டும். கனம் இல்லாவிட்டால் அதிரும். அதிர்ந்தால் பரப்பு கோலமாவு கொட்டின மாதிரி இருக்கும். கட்டரைப் பிடிக்கும் கூம்பிலேயே ஜாதி உண்டு: பி.டி. 30 என்றால் சிறியது, வேகமாகச் சுற்றும், அலுமினியத்துக்கும் பொடி வேலைக்கும் ஏற்றது. பி.டி. 40 பெரியது, எஃகுக்குத் தாங்கும். 'அடக்கமான மெஷின்' என்று சொல்லி வருகிறவற்றில் பல முதல் ஜாதி. கேட்டால்தான் சொல்வார்கள்.

மறுநாள் நாங்கள் செய்த காரியம்தான் முக்கியமானது. அதைச் செய்யச் சொன்னது நான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கல்யாணத்துக்குப் பட்சணம் போடுகிற சமையல்காரர் முதலில் என்ன கேட்பார்? எத்தனை இலை என்றுதானே! "போன பன்னிரண்டு மாசத்திலே வந்த டிராயிங் எல்லாத்தையும் எடு" என்றேன். கூடத்தில் பாயை விரித்துப் பரப்பினோம். நாற்பத்தோரு டிராயிங். மாப்பிள்ளை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்ல, பெண் மூன்று குவியலாகப் பிரித்தாள். பழைய மூன்று அச்சிலேயே நன்றாக முடிகிறவை இருபத்தாறு. ஒரு பக்கமாகச் சுற்றிக் கொடுத்தால் போதும் என்பவை பதினொன்று. சாய்வும் வேண்டும் என்பவை நான்கு.

"அஞ்சு அச்சும் ஒரே சமயத்திலே நகர்ந்துண்டே வெட்டவேண்டியது?" என்று கேட்டேன்.

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "ஒண்ணும் இல்லை, அத்தை."

நேயர்களே, இந்த ஒரு கேள்வியில் பல லட்சம் அடங்கியிருக்கிறது. ஐந்து அச்சிலும் இரண்டு விதம். ஒன்று, உருப்படியை வேண்டிய கோணத்துக்குச் சாய்த்து, பூட்டிவிட்டு, பிறகு மூன்று அச்சில் வெட்டுவது. தொழிலில் 'மூணு ப்ளஸ் ரெண்டு' என்கிறார்கள். மற்றது, ஐந்தும் சேர்ந்தே நடனமாடி வெட்டுவது. விமான டர்பைன் இலை, பம்பின் இம்பெல்லர் போன்ற முறுக்கு வளைவுகளுக்குத்தான் இரண்டாவது அவசியம். வால்வு உடம்பு, பிராக்கெட், ஃபிக்ஸ்ச்சர் இவற்றுக்கெல்லாம் முதல் வகையே தாராளம். கன்ட்ரோலும் சாஃப்ட்வேரும் இரண்டாவது வகைக்கு விலை ஏறும்.

மாப்பிள்ளை சும்மா இருக்கவில்லை. "மெஷின் இல்லேன்னா அந்த டிராயிங்கே நம்மகிட்ட வராது அத்தை. கடையிலே இல்லாத சரக்கை யார் கேட்பாங்க?" என்றார். நியாயமான வாதம். அதனால் அவரையே இரண்டு வாடிக்கை ஆலைகளுக்கு அனுப்பினோம்: மெஷின் வாங்கினால் என்ன வேலை, மாதத்துக்கு எத்தனை உருப்படி என்று எழுதி வாங்கி வரும்படி. ஒரு இடத்தில் சோதனைக்கு ஒரு டிராயிங் கொடுத்தார்கள். இன்னொரு இடத்தில் "பார்க்கலாம்" என்றார்கள். மாதாமாதம் ஐந்தாம் தேதி பாங்கிக்காரரிடம் போய் "பார்க்கலாம்" என்று நாம் சொல்ல முடியுமா?

பிறகு கணக்கு. பால் கணக்கு எழுதும் நோட்டில்தான் போட்டோம். ஒரு பேச்சுக்கு மெஷின் நாற்பது லட்சம், கையிலிருந்து பத்து, கடன் முப்பது, வட்டி 11 சதவிகிதம், ஐந்து வருஷம். மாதத் தவணை சுமார் 65,000 ரூபாய். ஓட்டுகிற பையனுக்கு 28,000, மின்சாரம் 12,000, கட்டர் முதலியவை 20,000, வாடகைப் பங்கும் பராமரிப்பும் 15,000. மொத்தம் 1,40,000. மாதத்தில் 120 மணி நேரம் மெஷின் உண்மையாக வெட்டினால் ஒரு மணிக்கு அடக்கமே ஏறக்குறைய 1,170 ரூபாய். 200 மணி ஓடினால் மின்சாரமும் கட்டரும் இன்னும் இருபதாயிரம் கூடினாலும், ஒரு மணிக்கு 800 ரூபாய்தான். மெஷின் ஒன்றே, வேலை இருக்கிறதா இல்லையா என்பதில்தான் 370 ரூபாய் வித்தியாசம்! இதில் லாபம் என்று ஒரு காசு சேர்க்கவில்லை.

'விலைக்கு மேல் வரி தனி' என்று கொட்டேஷனின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம். நாற்பது லட்சத்துக்கு 7,20,000. பிற்பாடு நாம் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், முதலில் கையிலிருந்து போகும். சாஃப்ட்வேர் தனி, அதை இந்த மெஷினின் பாஷைக்கு மாற்றித் தரும் 'போஸ்ட் பிராசஸர்' தனி, கட்டர் பிடிப்பான்கள் தனி, அளக்கும் புரோப் தனி. வெறும் அடுப்பை வாங்கிவிட்டுப் பாத்திரத்துக்கு அலைகிற கதை.

ஆனாலும் பார்க்காமல் முடிவு செய்வது தப்பு என்று ஒரு நாள் மூவருமாக ஒரு விற்பனைக்கூடத்துக்குப் போனோம். டை கட்டிய ஒரு தம்பி எங்களை வரவேற்று, பித்தளை மாதிரி மின்னும் ஒரு முறுக்குச் சக்கரத்தைக் காட்டி, "இதை எங்க மெஷின் செஞ்சது மேடம்" என்றார்.

"ரொம்ப நல்லா இருக்கு தம்பி. ஆனா இது எங்களுக்கு வேண்டாம். எங்க உருப்படியை வெட்டுங்க" என்று பையிலிருந்து டிராயிங்கையும் ஆறு உலோகக் கட்டைகளையும் எடுத்து வைத்தாள் எங்கள் பெண். தம்பியின் முகத்தில் டை கொஞ்சம் இறுகினாற்போல் இருந்தது. புரோகிராம் தயார் செய்யவே இரண்டு நாள் கேட்டார்கள். மூன்றாம் நாள் போய் ஆறையும் வெட்டச் சொல்லிப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். முதல் உருப்படி அபாரம்! ஆறாவதை அளந்தபோது முதலாவதுக்கும் அதற்கும் 18 மைக்ரான் வித்தியாசம். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று. தலைமயிரே சுமார் 70 மைக்ரான். 18 என்ன பிரமாதம் என்று நான் நினைத்தேன். டிராயிங்கில் அனுமதித்தது 10. மெஷின் சூடேற ஏற எல்லாம் கொஞ்சம் விரியுமாம். சுற்றும் அச்சில் நூறில் ஒரு டிகிரி பிசகினாலும் மையத்திலிருந்து 100 மில்லிமீட்டர் தள்ளி 17 மைக்ரான் தவறிவிடுமாம். ஒரே ஒரு உருப்படியை வெட்டச் சொல்லிப் பார்த்துத் திருப்தியோடு திரும்பியிருந்தால் இது தெரிந்திருக்காது.

அங்கே நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "மெஷின் நின்னுபோனா ரிப்பேர் பார்க்கிறவர் எந்த ஊரிலே இருக்கார்?" பதில் கொஞ்சம் சுற்றி வளைத்து வந்தது. மாப்பிள்ளை பட்டறைக்கு அடுத்த சந்தில் ஒருவர், வேறோர் இடத்தில் வாங்கிய மெஷினுக்கு ஆள் வருவதற்காகப் பதினொரு நாள் காத்திருந்தார். தவணை காத்திருக்கவில்லை.

இன்னொன்று. எந்த வர்ணப் புத்தகத்திலும் இல்லாதது. ஆனால் அம்பத்தூர்க்காரர்கள் மறக்கக்கூடாதது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்ததே! இவர்கள் பட்டறையில் முழங்கால் அளவு. பழைய மெஷினின் மின்பெட்டிக்குள் தண்ணீர் போய், அதைக் காயவைத்து ஓட்டுவதற்குள் தங்கை பெண் பாதி இளைத்துவிட்டாள். புது மெஷின் எது வந்தாலும் மேடை கட்டி உயர்த்தி வைக்கவேண்டும். மின்பெட்டி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று டேப் வைத்து அளக்கவேண்டும். இன்ஷூரன்ஸில் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியை வரி வரியாகப் படிக்கவேண்டும். கதவு அகலத்தையும் அளந்துவிடுங்கள். மெஷின் வந்த பிறகு சுவரை இடித்தவர்களை எனக்குத் தெரியும்.

முடிவு என்ன என்றுதானே கேட்கிறீர்கள்? அவர்களுடைய பழைய மெஷினின் கன்ட்ரோலில் நாலாவது அச்சுக்கு இடம் இருந்தது. அதன்மேல் வைக்கும் ஒரு ரோட்டரி டேபிளும், எதிர்ப்பக்கம் தாங்கும் டெயில் ஸ்டாக்கும் வாங்கினார்கள். டேபிள் ஏறினால் உயரம் குறையுமே என்று முன்கூட்டியே உருப்படியையும் கட்டரையும் அளந்து பார்த்துக்கொண்டார்கள். மாட்டிக் கொடுத்தது உள்பட ஐந்தரை லட்சம். அந்தப் பதினொரு டிராயிங்கும் இதில் அடங்கின. சாய்வு வேண்டிய நான்கில் இரண்டுக்குக் கோண ஃபிக்ஸ்ச்சர் செய்துகொண்டார்கள். மீதி இரண்டையும் திருமுடிவாக்கத்தில் ஐந்து அச்சு வைத்திருக்கும் ஒரு பட்டறையில் மணிக் கூலிக்குக் கொடுத்து வாங்குகிறார்கள். மாப்பிள்ளைக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல்தான். மறைப்பானேன்?

இதே விஷயமாக ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் எழுதிக் கேட்ட சகோதரிகளுக்கு இரண்டு வார்த்தை. புதிதாகத் தொழில் தொடங்குகிறவர் நீங்களே என்றால், நகையை எடுக்கும் முன் மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒரு நடை போய் இப்போதைய விதிகளைக் கேளுங்கள். பிரதம மந்திரி வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கான உச்சவரம்பு 2022-ல் 50 லட்சமாக உயர்ந்தது. பெண்களுக்கு நகரத்தில் 25 சதவிகிதமும் கிராமத்தில் 35 சதவிகிதமும் மானியம் என்று விதி. கடனுக்கு 1949-ல் தொடங்கிய தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகத்தையும் விசாரிக்கலாம். திருமுல்லைவாயலில் பெண்களுக்கென்றே சிட்கோ ஒரு தொழிற்பேட்டை அமைத்திருப்பது பலருக்குத் தெரிவதில்லை. மெஷின் ஓட்டப் பழக ஈக்காட்டுத்தாங்கலில் தேசிய சிறுதொழில் கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. பல கம்பெனி மெஷின்களை ஒரே கூரையின் கீழ் பார்க்க, அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம் நந்தம்பாக்கத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நடத்தும் கண்காட்சிக்குப் போங்கள். சௌகரியமான செருப்பாகப் போட்டுக்கொண்டு போங்கள்.

வேலை வாங்கிக்கொண்டு பணம் தர இழுத்தடிக்கும் பெரிய மனிதர்களுக்காக 2006-ல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. உத்யம் பதிவு செய்துகொண்ட சிறு உற்பத்தியாளருக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். தவறினால் வட்டி உண்டு. பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சடித்துவிடுங்கள். எங்கள் பெண் சிவப்பு மையில் அச்சடிக்கிறாள்.

வைகாசியில் ரோட்டரி டேபிள் வந்து இறங்கிய அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் ஆயிற்று. முதல் உருப்படியைத் தங்கை பெண் அளந்தாள். நாலு பக்கமும் அளந்தாள். ஒன்றும் சொல்லாமல் மாப்பிள்ளையிடம் நீட்டினாள். அவர் வாங்கி ஒரு தடவை அளந்து பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாடிக்கைக்காரருக்கு அனுப்பவேண்டிய உருப்படி அது!

இரட்டை வடம் பீரோவில்தான் இருக்கிறது. வர்ணப் புத்தகத்தையும் மாப்பிள்ளை தூக்கிப் போட்டுவிடவில்லை. பெண் தன் நோட்டில் 'சாய்வு' என்று தனியாக ஒரு பத்தி போட்டு, வெளியே கொடுத்துச் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கோடு போட்டு வருகிறாள். மாதத்துக்கு எத்தனை கோடு வந்தால் பெரிய மெஷின் என்று இருவரும் பேசி ஓர் எண் வைத்திருக்கிறார்களாம். போன வாரம் போனபோது ஏழு கோடுகளைப் பார்த்தேன். அந்த எண் என்ன என்று கேட்டேன். இரண்டு பேரும் சொல்ல மாட்டோம் என்றுவிட்டார்கள்.